ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு 20,000 ரூபாய்க்குள்ள லேப்டாப்: புதுசா, செகண்ட் ஹேண்டா?

2025 அக்டோபர் 25 – கேள்வி, நீலகிரி கட்டபெட்டுலிருந்து

பையன் ஒன்பதாவது. ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப்தான்னு இப்பவே சொல்லிட்டான். ஆன்லைன்ல புது லேப்டாப் ஒண்ணு 17,990-க்கு வருது. செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ், ஒரு வருஷ வாரண்டி. பக்கத்து வீட்டுத் தம்பி செகண்ட் ஹேண்ட் எடுங்கன்றான். அடுத்தவன் கழிச்சுப் போட்டதை நாம ஏன் வாங்கணும்? புதுசு புதுசுதானே? கொஞ்சம் தேயிலைத் தோட்டம்தான் நமக்கு வருமானம். 20,000-க்கு மேல முடியாது. வீட்டுல சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான்.

2025 அக்டோபர் 26, இரவு

அதை வாங்காதீங்க அண்ணா.

அந்த 64 ஜிபி ஸ்டோரேஜ் எஸ்எஸ்டி (கழட்டி மாத்துற மாதிரி சேமிப்பு) இல்ல, இஎம்எம்சிங்கிற சேமிப்புச் சிப். போர்டுலயே பற்றவைச்சு வரும், கழட்ட முடியாது. ராமும் பெரும்பாலும் அப்படித்தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். அந்த மெஷின்ல விண்டோஸ் உட்கார்ந்ததும் உங்க பையனுக்குன்னு மிச்சம் எதுவும் பெருசா இருக்காது.

என் அக்கா வீட்டுல இதே ரகம் ஒண்ணு பையனுக்கு எடுத்தாங்க. ரெண்டாவது வருஷமே சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் இடம் பத்தலைன்னு பென்டிரைவ் கேட்கும். அவன் உட்கார்ந்து தன்னோட போட்டோவை எல்லாம் அழிப்பான். அப்புறம் ஒரு மழைக்காலத்துல ஆன் ஆகவே இல்ல. சர்வீஸ்ல போர்டையே மாத்தணும்னாங்க, வாங்கின விலையில முக்கால்வாசி கேட்டாங்க. எஸ்எஸ்டியா இருந்தா கழட்டி வேற மெஷின்ல போட்டு அவன் எழுதி வச்ச நோட்ஸையாவது எடுத்திருக்கலாம். அதுக்கும் வழி இல்லாம போச்சு.

நான் பாட்லீஃப் ஃபேக்டரியில (விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குற இடம்) கணக்கு எழுதுறவ. பச்சை இலை கிலோ 20 ரூபாய்னே வச்சாலும் 18,000 ரூபாய்க்கு 900 கிலோ இலை போடணும். அது எத்தனை நாள் வேலைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனாலதான் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்.

2025 அக்டோபர் 27

சரி, வேண்டாம்னா வேற எதுன்னு கேட்டிருக்கீங்க.

கம்பெனிகள் தங்களோட ஆளுங்களுக்குக் கொடுத்து மூணு நாலு வருஷத்துல மொத்தமா மாத்திடுற லேப்டாப். அதைத் துடைச்சு, சரிபார்த்து, கோயம்புத்தூர்ல காந்திபுரம் பக்கம் கடைகள்ல விக்கிறாங்க. லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூணுமே 2018 காலத்து மாடல். இன்டெல் ஐ5 ப்ராசஸர் எட்டாவது ஜென் (தலைமுறை), 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நான் விசாரிச்சப்போ கடைக்குக் கடை 16,000-லிருந்து 20,000 வரை சொன்னாங்க.

எட்டாவது ஜென்னுக்குக் கீழ போகாதீங்க. இதுல மட்டும் வளைஞ்சு கொடுக்காதீங்க. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் இந்த 14-ஆம் தேதியோட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாவது ஜென்னோ அதுக்கு மேலயோ வேணும், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். அதனால ஆறாவது, ஏழாவது ஜென் மெஷினை எல்லாம் கடைக்காரங்க இப்ப மலிவா தள்ளிவிடப் பார்ப்பாங்க. ஏதாவது குறுக்குவழியில விண்டோஸ் 11 ஏத்தியும் கொடுப்பாங்க. நாளைக்கு அப்டேட் வராம போனா அதோட மல்லுக்கட்டுறது உங்க பையன்.

அடுத்தவன் கழிச்சுப் போட்டதுன்னு எழுதியிருந்தீங்க. கம்பெனிக்காரன் மாத்துறது அவன் கணக்குல வருஷம் முடிஞ்சதால. மெஷின் செத்ததால இல்ல. இந்த ரகம் புதுசுல 60,000, 70,000 வித்தது. தினம் எட்டு மணி நேரம் உழைக்கணும்னே செஞ்சது. பின்மூடியைக் கழட்டினா ராம் தனி, எஸ்எஸ்டி தனி, பேட்டரி தனி, விசிறி தனி. எது போனாலும் அதை மட்டும் மாத்தலாம். நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம்.

2025 அக்டோபர் 27, அதே நாள்

டி480-யும் டி480எஸ்-ஸும் ஒண்ணுன்னு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லீங்க. டி480-ல ரெண்டு ராம் ஸ்லாட், உள்ள ஒரு பேட்டரி, பின்னாடி கழட்டுற மாதிரி இன்னொரு பேட்டரி. டி480எஸ் மெலிசு. அதுல ஒரு ராம் போர்டோடவே வரும், வெளிப்பேட்டரி கிடையாது. கரண்ட் போற ஊருக்கு எஸ் இல்லாததுதான்.

2025 நவம்பர் 2

செகண்ட் ஹேண்டுக்கு வாரண்டி எப்படின்னு ஊட்டி சார் கேட்டது நியாயமான கேள்வி. புதுசுக்கு கம்பெனி வாரண்டி ஒரு வருஷம். செகண்ட் ஹேண்டுக்கு கடைக்காரர் தர்ற மூணு மாசமோ ஆறு மாசமோதான். ஆனா வாரண்டி இருக்குன்னாலும் மெஷினைத் தூக்கிட்டு மலை இறங்கணும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர் காட் ரோடு. அங்கிருந்து கோயம்புத்தூர். காலையில கொடுத்தா சாயங்காலம் கிடைக்கிற சமாச்சாரம் இல்ல, இன்னொரு தடவை இறங்கணும். ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு.

லாட்டிட்யூட்டோ திங்க்பேட்டோ ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் இங்கேயே திறந்து பார்க்கலாம். கீபோர்டு, பேட்டரி எல்லாம் கூரியர்ல வருது.

கையில 30,000 இருக்கிறவங்க தாராளமா புதுசு வாங்கலாம். ஐ3-1215யு, 8 ஜிபி, 512 எஸ்எஸ்டி நல்ல மெஷின். ரைசன் 3 7320யு-ம் பரவாயில்ல. ஆனா அதுல ராம் போர்டோட ஒட்டினது. 8 ஜிபி எடுத்தா கடைசிவரைக்கும் 8 ஜிபிதான், 16 எடுக்க முடிஞ்சா எடுத்துடுங்க. நான் வேண்டாம்னு சொல்றது 20,000-க்குக் கீழ வர்ற புதுசை மட்டும்.

2025 நவம்பர் 9

நாளைக்குக் கோயம்புத்தூர் இறங்குறேன், கடையில என்ன பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க அண்ணா. நான் பார்க்கிற வரிசையில சொல்றேன்.

மூடியை ஒரு கையால ஒரு மூலையில பிடிச்சுத் திறங்க. கீச்சுன்னு சத்தமோ, திரை ஒரு பக்கம் பிரியிறதோ இருந்தா ஹிஞ்ச் (மூடியோட கீல்) போயிருக்கு, வச்சிடுங்க. நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒவ்வொண்ணா அடிங்க. ஸ்பேஸ் பாரோட ரெண்டு ஓரத்தையும் தனித்தனியா அழுத்துங்க. வெள்ளைத் திரை வச்சு வெளிச்சத் திட்டு இருக்கான்னு பாருங்க. பென்டிரைவ் ஒண்ணு கொண்டுபோய் எல்லா ஓட்டையிலயும் சொருகுங்க. சார்ஜர் பின்னை லேசா அசைச்சா சார்ஜ் விட்டு விட்டு ஏறக்கூடாது.

அப்புறம் பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட்னு ஆங்கிலத்துல அடிச்சா ஒரு பக்கம் உருவாகும். அதுல டிசைன் கெபாசிட்டின்னு ஒரு எண்ணும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ஒரு எண்ணும் இருக்கும். முதல் எண் 48,000-ன்னா ரெண்டாவது 33,000-க்காவது மேல இருக்கட்டும். குறைவா இருந்தா விலையைக் குறைக்கச் சொல்லுங்க, இல்ல வேற பேட்டரி போடச் சொல்லுங்க.

பலரும் விடுறது ஒண்ணு இருக்கு. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரை) போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டா வாங்காதீங்க, அந்தக் கம்பெனி போட்ட பூட்டு இன்னும் எடுக்கலைன்னு அர்த்தம். விண்டோஸைப் புதுசா ரீசெட் பண்ணி, உங்க போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து முதல் திரை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பாருங்க. ஏதோ ஒரு கம்பெனி பேரைக் காட்டி ஆபீஸ் மெயில் ஐடி கேட்டா அதுவும் பூட்டுதான். வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல, உங்க காசு.

ஜிஎஸ்டி பில் வாங்குங்க. சீரியல் நம்பர் பில்லுலயும் மெஷின் அடியிலயும் ஒண்ணா இருக்கணும்.

2025 நவம்பர் 9, ராத்திரி

பையனையும் கூட்டிட்டுப் போங்க.

2025 நவம்பர் 16

டேப் போதுமேன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. பாடம் பார்க்க, புத்தகம் படிக்க போதும். பாட ஆப்களான மணற்கேணி, தீக்‌ஷா எல்லாம் டேப்ல ஓடும். ஆனா இந்தப் பையன் ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா சி++, ப்ளஸ் டூல பைத்தான். அது கீபோர்டுல உட்கார்ந்து அடிச்சு, தப்பு வந்து, திரும்ப அடிச்சு வர்ற பழக்கம். தொடுதிரையில வராது.

க்ரோம்புக் (விண்டோஸுக்குப் பதிலா கூகுளோட க்ரோம் ஓஎஸ் ஓடுற லேப்டாப்) கெட்டது இல்ல. 2021-லிருந்து வந்த மாடலுக்கு பத்து வருஷம் அப்டேட் தர்றதா கூகுள் சொல்லியிருக்கு. நெட் ஒழுங்கா இருக்கிற வீட்டுக்கு நல்லாவே இருக்கும். ஜன்னலோரம் மட்டும் சிக்னல் வர்ற வீட்டுக்கு வேண்டாம்.

ஆஃபிஸ் சாஃப்ட்வேர் தனியா காசு கொடுத்து வாங்கணுமான்னும் ஒரு கேள்வி. வேண்டாம். பதினொண்ணாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பாடப்புத்தகத்துல இருக்கிறதே ஓப்பன் ஆஃபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ்தான். அதே வகை லிப்ரே ஆஃபிஸ், இலவசம். கடைக்காரர் போட்டுத் தர்ற திருட்டு ஆஃபிஸ் வேண்டவே வேண்டாம், அதோட சேர்ந்து என்ன வருதுன்னு தெரியாது.

2025 நவம்பர் 30

ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் நமக்கு மழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை: மரம் விழும், லைன் அறுந்துபோகும், கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. கூடலூர், பந்தலூர்காரங்களுக்கு இதே பாடு ஜூன், ஜூலையில. விலை குறையுதுன்னு டெஸ்க்டாப் வாங்கலாமான்னு கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில். யூபிஎஸ்ஸும் சேர்த்துக் கணக்குப் போட்டா மிச்சம் ஒண்ணும் இல்ல.

லோ வோல்டேஜுக்கு லேப்டாப் அசராது. அடாப்டர் மேலயே இன்புட் 100–240-ன்னு போட்டிருக்கும். ஆபத்து, போன கரண்ட் திரும்பி வர்ற நொடியிலயும் இடி இடிக்கிறப்பவும்தான். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிடுங்க, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு சொருகுங்க. நல்ல ஸ்பைக் கார்டு ஒண்ணு போடுங்க. யானை வாங்கினவங்க அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா பாருங்க. பழைய லைன் வீடுகள்ல நிறைய இடத்துல எர்த் கிடையாது. மூணு பின் பிளக் பாயிண்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குள்ள ஒயரே போயிருக்காது. சார்ஜ் போட்டுக்கிட்டே உலோக மூடியில கை வச்சா விறுவிறுன்னு ஒரு மாதிரி இருக்கும். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. அவதான் முதல்ல சொன்னா, "அம்மா, லேப்டாப் கையைக் கடிக்குது"ன்னு. பிளக்கைக் கழட்டி மறுபடி சொருகிப் பார்த்து விட்டுடாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்க, அது லேப்டாப்புக்கு மட்டும் இல்ல, வீட்டுல இருக்கிற எல்லாருக்கும்.

ஈரம். பீரோவுக்குள்ள வச்ச பெல்ட்ல பூஞ்சை பூக்கிற ஊரு இது. லேப்டாப்பைப் பைக்குள்ள போட்டு மாசக்கணக்கா மூடி வச்சா உள்ள இணைப்புகள்ல பச்சை பிடிக்கும். தினம் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், அந்தச் சூடே அதைக் காய வைக்கும். பனியில நனைஞ்ச பையோட வீட்டுக்குள்ள வந்ததும் ஆன் பண்ணாதீங்க. வெளிய எடுத்து அரை மணி நேரம் வச்சு, தொட்டா சில்லுன்னு இல்லாதப்போ போடுங்க. குளிர்ந்த மெஷின் மேல வீட்டுக் காத்து படும்போது உள்ள நீர் கோத்துக்கும். விறகடுப்பு இருக்கிற அறையில வைக்கவே வைக்காதீங்க. புகையும் கரியும் விசிறிக்குள்ள போய் அடைச்சிடும்.

2025 டிசம்பர் 7

மேல 16,000-லிருந்து 20,000-ன்னு எழுதினதை இனி அப்படியே எடுத்துக்காதீங்க. ராம் விலை உலகம் பூரா ஏறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே நினைவகச் சிப்புகள் நிறையப் போகுது. 3-ஆம் தேதி, ராம் சிப் செய்யுற மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கிற பேர்ல கடைகளுக்கு விக்கிறதையே நிறுத்தப்போறதா அறிவிச்சிருக்கு. எஸ்எஸ்டியும் ஏறுது.

முன்னாடி நான் எல்லாருக்கும் சொன்னது, 8 ஜிபியோட வாங்குங்க, அப்புறம் மெதுவா 16 ஆக்கிக்கலாம்னு. இப்ப யோசிச்சுப் பார்த்தா, கடையில 16 ஜிபியோட இருக்கிற மெஷின் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கூட இருந்தா அதையே எடுத்துடறது நல்லது. தனியா வாங்கினா அதுக்கு மேல ஆகும். காசு இல்லைன்னா 8 ஜிபி போதும், ஸ்கூல் பையனுக்குத் தாராளம். ஸ்லாட் காலியா இருக்கான்னு மட்டும் பார்த்து வச்சுக்குங்க. விலை இறங்குறப்போ போட்டுக்கலாம்.

2025 டிசம்பர் 14

அரையாண்டுப் பரீட்சை நடக்குது, எல்லா வீட்டுலயும் லேப்டாப் பீரோ மேல ஏறியிருக்கும். நம்ம வீட்டுலயும்தான்.

வீட்டுல கிடக்கிற பழைய அரசு லேப்டாப்பை என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கொடுத்தது. என் தங்கச்சி வாங்கினது இன்னும் எங்க அம்மா வீட்டுல இருக்கு. அதுல இருந்த ஹார்ட் டிஸ்க் கடகடன்னு சத்தம் போட்டு நின்னுபோச்சு. அடியில ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி, அதை இழுத்துட்டு, 2.5 இன்ச் எஸ்எஸ்டி ஒண்ணை அதே இடத்துல சொருகினோம். விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட்ல, லேசா ஓடுற எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டோம். விண்டோஸ் 11 எல்லாம் அதுல கனவுலயும் நடக்காது. பேட்டரி சுத்தமா இல்ல, கரண்ட்ல சொருகினாத்தான் ஓடும். ஆனா டைப் அடிக்க, புத்தகம் படிக்க ஓடுது. ஆறாவது, ஏழாவது பிள்ளைங்க வீட்டுல இருந்தா இந்த வழியை முதல்ல பாருங்க, 20,000 செலவு பண்றதுக்கு முன்னாடி. ஒன்பதாவதுக்கு மேலன்னா நான் சொன்ன எட்டாவது ஜென்.

2025 டிசம்பர் 28

லீவுல பொண்ணு ஸ்க்ராட்ச்ல (பிள்ளைங்க ப்ரோக்ராமிங் பழகுற சாஃப்ட்வேர்) ஒரு விளையாட்டு செஞ்சா. தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஒரு பாட்டி கூடையோட போவாங்க, பின்னாடி காட்டெருமை துரத்தும். பாட்டி இலையையும் பறிக்கணும், ஓடவும் செய்யணும். பத்து கிலோ சேர்ந்தா லெவல் ரெண்டு, அதுல ரெண்டு காட்டெருமை. எங்க அம்மா அதை விளையாடிப் பார்த்துட்டு, "காட்டெருமை முன்னாடி ஓடக்கூடாதுடி, அசையாம நிக்கணும், அதையும் இதுல வை"ன்னாங்க. இப்ப ஸ்பேஸ் பாரை அழுத்தினா பாட்டி அசையாம நிப்பாங்க, காட்டெருமை தன் பாட்டுக்குப் போயிடும். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

ஸ்க்ராட்ச் நெட் இல்லாமலே ஓடும், ஒரு தடவை இறக்கிக்கிட்டா போதும். சிக்னல் இல்லாத வீட்டுக்காரங்க இதை எல்லாம் ஊருக்குள்ள எங்காவது வைஃபை கிடைக்கிறப்போ மொத்தமா இறக்கிடுங்க: ஸ்க்ராட்ச், கணக்குக்கு ஜியோஜீப்ரா, பாடப்புத்தக பிடிஎஃப்கள், கிவிக்ஸ்ல தமிழ் விக்கிப்பீடியா. கிவிக்ஸ் போட்டா விக்கிப்பீடியாவையே நெட் இல்லாம படிக்கலாம்.

விண்டோஸ்ல வைஃபை செட்டிங்குக்குள்ள மீட்டர்டு கனெக்‌ஷன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. போன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதை ஆன் பண்ணி வைங்க. இல்லைன்னா ஒரு நாள் டேட்டாவை அப்டேட்டே குடிச்சிடும், பையன் திட்டு வாங்குவான்.

தமிழ் டைப்பிங்கும் இப்பவே பழக்குங்க. தமிழ்99. 1999 மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை. விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் கூடவே வருது, தனியா எதுவும் வாங்க வேண்டாம். ஆங்கில எழுத்துல 'அம்மா'வை அடிச்சுப் பழகின கை அப்புறம் மாற மாட்டேங்குது, எங்க ஆபீஸ்ல பார்க்கிறேன். சின்ன வயசுல பழகினா ரெண்டு வாரத்துல கீபோர்டைப் பார்க்காம அடிக்குதுங்க.

2026 ஜனவரி 8

இந்த வாரம் கல்லூரிப் பிள்ளைங்களுக்கு அரசு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சதைப் பார்த்துட்டு, "காத்திருந்தா பையனுக்கும் வருமா"ன்னு அண்ணா கேட்டிருக்கீங்க. போன வருஷ பட்ஜெட்ல சொன்னது 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, ரெண்டு வருஷத்துல. ஒன்பதாவது பையனுக்கு அதுல இடமில்ல. அவன் கல்லூரிக்குப் போக இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்கு, அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த லேப்டாப்லயும் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டிதான் வச்சிருக்காங்க. அதுக்குக் கீழ இறங்காதீங்கன்னு நான் கத்துறது சும்மா இல்ல.

உறைபனி சமயம். ஊட்டியில காந்தல், தலைகுந்தா பக்கம் இருக்கிறவங்க ராத்திரி லேப்டாப்பை ஜீப்லயோ வண்டி டிக்கியிலயோ விட்டுட்டு வராதீங்க. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ இருக்கிறப்போ சார்ஜ் பண்ணக் கூடாது, நிரந்தரமா கெட்டுப்போகும். வீட்டுக்குள்ள இருந்தா பயமில்ல.

2026 ஜனவரி 18

அண்ணா வாங்கிட்டாராம். நவம்பர்ல போனப்போ பேட்டரி ரிப்போர்ட் பார்த்துட்டு ரெண்டு கடையில வேண்டாம்னு திரும்பி வந்தவர், பொங்கலுக்கு முன்னாடி மறுபடி பையனோட இறங்கி லாட்டிட்யூட் 5490 எடுத்திருக்கார். 8 ஜிபி, 256, பேட்டரி மாத்திக் கொடுத்திருக்காங்க, 19,500. இப்ப இருக்கிற விலைக்கு நல்லாவே வாங்கியிருக்கார். பயாஸ் பார்க்கணும்னு பையனே கடைக்காரர்கிட்ட கேட்டானாம்!

அண்ணா, ராத்திரி பூரா சார்ஜ்ல போடலாமா, அடியில சூடு வருதேன்னு நீங்க கேட்ட ரெண்டுக்கும் பதில். ராத்திரி பூரா சார்ஜ்ல கிடக்க வேண்டாம். டெல் பவர் மேனேஜர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல 80 சதவீதத்தோட நிறுத்துற மாதிரி வச்சுக்கலாம், பேட்டரி ரொம்ப நாள் வரும். கரண்ட் போற சீசன்ல மட்டும் 100 வரைக்கும் ஏத்திக்குங்க. அடியில சூடு வர்றது சகஜம். கம்பளி மேலயோ மெத்தை மேலயோ வச்சு ஓட்டினா காத்துப் போற வழி அடைபடும். பலகை ஒண்ணு போட்டுக் கொடுங்க.

2026 பிப்ரவரி 1

கூடலூர் அக்காவுக்கு: எலைட்புக் 840 ஜி5-க்கு 21,000 சொல்றாங்கன்னா, அதுல ராம் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க. 16-ஆ இருந்தா கொடுங்க. 8-ஆ இருந்தா 18,500-க்குப் பேசிப் பாருங்க, படியலைன்னா அடுத்த கடை. உங்க பக்கம் மழை ஜூன்ல ஆரம்பிச்சிடும். ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி, மே மாசமே வீட்டுல எர்த்தைப் பார்த்துடுங்க.